‘ஃபார்மட் அடிச்சுடலாமா?’

நாமக்கல் கோழிப்பண்ணை அலுவலகமோ, திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆபீஸோ, செவ்வாய்ப்பேட்டை மண்டியோ, விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்றால் சர்வீஸ் கடையில் எழும் முதல் கேள்வி இது. உடனே தலையாட்டிவிடாதீர்கள். டேலி கணக்கு பெரும்பாலும் சி டிரைவில்தான் கிடக்கும். வேறு இடத்தில் நகல் எடுக்காமல் ஃபார்மட் அடித்தால் அதுவும் சேர்ந்து போகும்.

முதலில் செட்டிங்ஸில் ‘அப்டேட் ஹிஸ்டரி’யைத் திறந்து, பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 80070070 என்று முடிந்தால் இடப் பற்றாக்குறை; பெரிய அப்டேட்டுக்கு சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். 80070643 என்பது 2024 ஜனவரியில் விண்டோஸ் 10 வைத்திருந்த பலரை அலைக்கழித்த எண். மீட்புக்கென ஒதுக்கிய பகுதியில் இடம் போதாததுதான் காரணம் என்று மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது.

பழைய கம்ப்யூட்டரில் இன்னொன்றையும் பாருங்கள். காலையில் ஆன் செய்ததும் தேதி பல வருடம் பின்னால் காட்டுகிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தப்பாக இருந்தால் அப்டேட் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழை விண்டோஸ் ஏற்காது. சில பத்து ரூபாய் பேட்டரியில் முடிகிற வேலைக்கா ஃபார்மட்? மாதாந்திர மின்தடை நாளில் யுபிஎஸ் இல்லாமல் அப்டேட் போடுவதும் வேண்டாத வம்பு.

‘அப்டேட்டே வேண்டாம்’ என்று நிறுத்தி வைப்பது இன்னும் மோசம். வானாக்ரை வைரஸ் 2017 மே 12இல் பரவியது. அதைத் தடுக்கும் அப்டேட் மார்ச் 14இலேயே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. அதன்பின் பாதுகாப்பு அப்டேட் வேண்டுமென்றால் நீட்டிப்புத் திட்டத்தில் பதிய வேண்டும். பதியாத கம்ப்யூட்டரில் வங்கி வேலை பார்க்காதீர்கள்.

கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது என்ன வேலை, டேட்டாவுக்கு யார் பொறுப்பு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். கவனக்குறைவால் டேட்டா போனால் அது சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. வணிக நோக்கச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது. ஆனால் பிழைப்புக்காகச் சொந்தமாகக் கடை நடத்துபவர் நுகர்வோர்தான். பில் இல்லாமல் போய் நின்றால் வழக்கு நிற்பது கஷ்டம்.

‘உங்கள் விண்டோஸ் பழுது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று திரையில் வந்தால் அது மோசடி; மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் ஃபோன் எண் இருக்காது. தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் போடச் சொன்னால் இணைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டதா? வங்கிக்குச் சொல்லிவிட்டு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.