தூக்கம் வரலையா? படுக்கிற நேரத்தை விட்டுட்டு, எழுந்திருக்கிற நேரத்தைப் பிடிங்க

இந்த எபிசோடை ரொம்ப நாளா தள்ளிப்போட்டுட்டே இருந்தேன். சொல்றதுக்குக் கொஞ்சம் கூச்சம்.

போன வருஷம் ஒரு சாயங்காலம், மகேந்திரா சிட்டியிலிருந்து மறைமலைநகருக்கு பைக்கில் வந்துட்டிருந்தேன். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் கண் அசந்துட்டேன். ரெண்டு செகண்டுதான் இருக்கும். பின்னாடி வந்த லாரியோட ஹார்ன் எழுப்பிவிட்டது. வண்டியை ஓரம் கட்டி உட்கார்ந்தால், கை நடுக்கம் நிக்கவே இல்லை.

அதுக்கு முன்னாடி மூணு மாசமா ராத்திரி தூக்கம் இல்லை. ரிலீஸ் சமயத்தில் நைட் கால் இருந்தது. அது முடிஞ்ச பிறகும் தூக்கம் திரும்பலை. பதினொரு மணிக்குப் படுத்து, ஒரு மணி வரைக்கும் ஃபேனைப் பார்த்துட்டிருப்பேன். அம்மா பால் காய்ச்சிக் கொடுத்தாங்க. நான் ஒரு ஆப் போட்டேன். நான் எவ்வளவு மோசமா தூங்குறேன்னு அது தினமும் கிராஃப் போட்டுக் காட்டியது. அதைப் பார்த்தே இருந்த தூக்கமும் போச்சு.

டாக்டர்கிட்ட போனப்போ, "ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"ன்னு கேட்டார். பத்தரைன்னு சொன்னேன். பிரச்சினையே அங்கதான்னார்.

தூக்கத்தை ரெண்டு விஷயம் இழுக்குது. ஒண்ணு, முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில் சேர்ற அடினோசின். காபி அதைத்தான் மறைக்குது. குடிச்ச காஃபீனில் பாதி கழியவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும், அதனால ஆறு மணி காபியை விட்டேன். இன்னொண்ணு, உடம்புக்குள்ள ஓடுற கடிகாரம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் குழு, வெயிலும் கடிகாரமும் இல்லாத தனி அறையில் ஆட்களைத் தங்கவெச்சு இதைப் படிச்சாங்க. அப்படித் தங்கின ஒரு பெண்ணைப் பற்றிய அவங்க ஆய்வு 1991-ல் வெளியானது. வெளி அடையாளமே இல்லாமல் விட்டால், பெரும்பாலானவங்களுக்கு உடம்போட ஒரு நாள் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாத்தான் ஓடும். தினமும் அதை இழுத்துச் சரி பண்றது காலை வெளிச்சம். ஞாயிறு பத்தரை வரைக்கும் ஜன்னலை மூடிட்டுத் தூங்கினா, அன்னிக்கு ராத்திரி தூக்கம் எப்படி வரும்?

டாக்டர் கொடுத்தது மாத்திரை இல்லை, ஒரு கணக்கு. படுக்கையில் எட்டு மணி நேரம் கிடந்து நிஜமா தூங்கினது அஞ்சரை. அப்போ படுக்கைக்கும் அஞ்சரை மணி நேரம்தான்: பன்னிரண்டரைக்குப் படு, ஆறு மணிக்கு எழுந்திரு. ஆர்தர் ஸ்பீல்மன் 1987-ல் எழுதின முறை இது. இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரலையா, எழுந்து வெளியே வந்துடணும். படுக்கைன்னாலே கவலைன்னு மூளை பழகிடக் கூடாது. இது ரிச்சர்ட் பூட்சின் 1972-ல் சொன்னது. நான் ஹாலில் உட்கார்ந்து துணி மடிச்சேன். எங்க வீட்டில் அவ்வளவு ஒழுங்கா துணி மடிச்சு யாரும் பார்த்ததில்லை.

முதல் ரெண்டு வாரம் நரகம். பகலில் தூக்கம் தள்ளும். அதனால பைக்கைத் தொடலை. மறைமலைநகரில் ட்ரெயின் ஏறி பரனூரில் இறங்கினேன். காலையில் ஸ்டேஷனுக்கு நடந்ததில் வெயிலும் கிடைச்சது. மூணாவது வாரம், படுத்த கொஞ்ச நேரத்திலேயே தூங்கினேன். அதுக்கப்புறம் வாரத்துக்குப் பதினஞ்சு நிமிஷமா நேரத்தைக் கூட்டினோம்.

ஒண்ணு கவனிங்க. வலிப்பு, பைபோலார் இருக்கிறவங்க, ராத்திரி வண்டி ஓட்டுறவங்க இதைத் தானா செய்யாதீங்க. பலமா குறட்டை விட்டு மூச்சு நிக்குதுன்னு வீட்டில் சொன்னா, அது வேற பிரச்சினை. முதலில் டாக்டரைப் பாருங்க.

இன்னமும் மாசத்தில் ரெண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. ஆனா மறுநாள் ஆறு மணிக்கு எழுந்துடுவேன், ஞாயிறா இருந்தாலும். ஆப்பை எப்பவோ டெலிட் பண்ணிட்டேன்.