பழுதுற்ற பழம்படங்கள்

பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், மூதாதையரின் முகத்தை இளையோர் அறிவது பெரும்பாலும் புகைப்படத்தின் வாயிலாகவே. தில்லியிலோ மும்பையிலோ பிறந்து வளர்ந்த சிறுவனுக்குக் கொள்ளுப்பாட்டனார் என்பவர், நாற்காலியில் விறைப்பாக அமர்ந்து நேரே நோக்கும் ஓர் உருவமே. அப்படம் அழியுமாயின் அவர் முகமும் அக்குடும்பத்தின் நினைவிலிருந்து அகன்றுவிடும். ஆகவே, பழுதுற்ற படத்தைப் பேணுவது எவ்வாறு, அதனைச் செப்பனிடுவது எந்த அளவிற்கு என்னும் இரண்டையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

முதலில் படம் பழுதுறுவதன் காரணத்தைக் காண்போம். நம் இல்லங்களிலுள்ள பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுள் மிகுதியானவை, ஜெலட்டின் என்னும் மெல்லிய படலத்தில் நுண்ணிய வெள்ளித் துகள்கள் பதிந்து உருவானவை. படத்தில் நாம் காணும் கருமையெல்லாம் அவ்வெள்ளியே. காற்றிலுள்ள கந்தக வாயுக்களும் ஈரமும் அதனைத் தாக்க, படம் பழுப்பேறுகிறது. படத்தைக் கழுவியபொழுது ஹைப்போ என்னும் உப்பு முற்றிலும் நீங்காதிருப்பினும் இதே கேடு விளையும். இருண்ட பகுதிகளில் நீலம் கலந்த பளபளப்புத் தோன்றுமாயின், வெள்ளி உருமாறி மேற்பரப்பிற்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். ஜெலட்டின் விலங்குகளின் எலும்பு, தோல் ஆகியவற்றினின்று பெறப்படுவதால், பூஞ்சைக்கும் பூச்சிக்கும் அது நல்லுணவு. 1970-களைச் சார்ந்த வண்ணப்படங்களின் நிலை வேறு. அவற்றில் உருவமாக நிற்பது வெள்ளியன்று, சாயம். அவற்றுள் பலவற்றில் நீலச்சாயம் முந்தி மங்குவதால் படம் செம்மை படர்ந்து காண்கிறது. பெட்டிக்குள் இருளில் வைத்திருப்பினும் இம்மாற்றம் நிற்பதில்லை.

வெளிமாநிலங்களில் வாழ்வோர் மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். தில்லியின் கோடையில் ஜெலட்டின் வறண்டு சுருங்குகிறது. மழைக்காலத்தில் ஈரம் உண்டு பருக்கிறது. இவ்விரண்டும் மாறி மாறி நிகழ்வதால் படம் சுருளும், வெடிக்கும், கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டியும் கொள்ளும். ஆதலின் பரணும் சமையலறையும் மழைபடும் புறச்சுவரும் படங்களுக்கு ஏற்ற இடங்கள் அல்ல. பசை தடவிய பக்கங்களைக் கொண்ட ஆல்பங்களும் தீங்கு பயப்பனவே. அமிலமற்ற தாளில் பொதிந்து, வீட்டின் நடு அறையில் அலமாரிக்குள் வைப்பதே நன்று. சுவரில் தொங்க வேண்டியது படி, மூலம் அன்று.

எம் இல்லத்தில் நேர்ந்ததை இங்குக் கூறுவது பொருந்தும். எம் பாட்டனாரின் ஒரே படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதனைப் பிரித்தெடுத்துச் செப்பனிடக் கருதி மெல்ல உரித்தோம். இடக்கன்னம் முழுவதும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. நாம் செய்திருக்க வேண்டியது மிக எளிது: சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே படியெடுத்திருக்கலாம். மூலத்தைத் திருத்த முற்படாது படியையே திருத்துதல் வேண்டும் என்பதே இத்துறையின் முதல் விதி. அதனை நாம் காலம் கடந்து கற்றோம்.

படியெடுப்பதற்கு ஸ்கேனர் என்னும் கருவி ஏற்றது. அஞ்சலட்டை அளவுள்ள படத்திற்கு அங்குலத்திற்கு 600 புள்ளிகளும், அதனினும் சிறிய படத்திற்கு 1200 புள்ளிகளும் அமையுமாறு எடுத்தல் நலம். எடுத்த படியைத் திருத்தாமல் அப்படியே இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்து வைத்து, மற்றொரு படியில் செப்பனிடும் வேலையைத் தொடங்கலாம். மூலத்தை ஈரத்துணியால் துடைப்பதும், கிழிசலை ஒட்டுநாடாவால் ஒட்டுவதும் அறவே தவிர்க்கத்தக்கவை. 2015 டிசம்பரில் சென்னையில் நிகழ்ந்தது போன்ற வெள்ளத்தில் படங்கள் நனைந்துவிடின், ஒன்றோடொன்று ஒட்டி உலர்வதற்கு முன்னரே தூய குளிர்ந்த நீரில் இட்டுப் பிரித்து, உருவம் மேல்நோக்கி இருக்குமாறு நிழலில் உலர்த்துதல் வேண்டும்.

இனி, செப்பனிடுதலின் எல்லை யாது என்னும் வினா எழுகிறது. படத்தில் கைவைத்தல் புதிய வழக்கமன்று. 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படம்பிடித்த லின்னியஸ் டிரைப், வெறுமையாய்த் தோன்றிய வானத்தில் மேகங்களைத் தாமே தீட்டிச் சேர்த்ததுண்டு. நம் ஊர் ஸ்டூடியோக்களில் பென்சில் கொண்டு முகச்சுருக்கங்களை மறைக்கும் டச்சிங் வேலையும் நாம் அறிந்ததே. இன்றோ கணினி சில நொடிகளில் கீறலை நீக்கி, வண்ணம் தீட்டி, இல்லாத கன்னத்தையும் வரைந்து தருகிறது.

எம் பாட்டனாரின் படத்தையும் அவ்வாறே கணினியிடம் ஒப்படைத்தோம். பழுதேதுமற்ற அழகிய முகம் ஒன்று கிடைத்தது. எண்பதைக் கடந்த எம் அத்தையிடம் அதனைக் காட்டினோம். நெடுநேரம் நோக்கியிருந்தவர், "அப்பா கன்னத்தில் அம்மைத் தழும்பு இருக்குமே, அது எங்கே?" என்று வினவினார். எமக்கு விடை கூற இயலவில்லை. எஞ்சியிருந்த வலக்கன்னத்தின் தழும்புகளையும் கீறல் என்று கருதிக் கணினி துடைத்தெறிந்திருந்தது. கணினி ஆயிரமாயிரம் முகங்களைக் கண்டது. ஆயின் அந்த ஒரு முகத்தைக் கண்டதில்லை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இது புதிய பாடமன்று. மூலத்தில் ஒரு சொல் சிதைந்திருப்பின் அவ்விடத்தில் நம் கற்பனையை இட்டு நிரப்புதல் முறையாகாது. 1904-இல் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடையாமையால் எஞ்சிய எட்டுப் பத்துக்களையே வெளியிட்டார். இல்லாததை இல்லை என்று காட்டுவதும் பெரியோரைப் போற்றும் நெறியே. கீறலையும் கறையையும் நீக்குங்கள்; முகத்தைப் புதிதாகப் படைக்க வேண்டா. படைத்தே தீர வேண்டுமெனின், திருத்தப்பெற்றது என்று அப்படியின் புறத்தே குறித்து வையுங்கள்.

இறுதியாக ஒன்று. எந்தக் கருவியாலும் மீட்க இயலாதது, படத்திலிருப்பவரின் பெயர். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்பொழுது, ஆல்பத்தை முதியோர் முன் விரித்து, யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டு, படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். எம் அத்தை கூறிய தழும்பினை நாமும் எழுதி வைத்துள்ளோம். கன்னம் இல்லாத அப்பழைய படமே இன்று எம் அலமாரியில் உள்ளது.