அஞ்சல் பூதமும் இரண்டாவது பூட்டும்

பினாங்கின் வெல்ட் கீ கரையோரத்தில் பழைய கிடங்குகளுக்கிடையே பழகியவர்களுக்குச் சுங்கப் பிணைக் கிடங்கு புதிய பெயரன்று. பினாங்கு 1969 வரையில் தீர்வையில்லாத் துறைமுகமாக இருந்தது. எனினும் அக்காலத்திலும் மது, புகையிலை போன்ற சில சரக்குகளுக்குத் தீர்வை உண்டு. தீர்வை கட்டாத சரக்கை வைக்கும் பிணைக் கிடங்குக்குப் பழைய முறைப்படி இரண்டு பூட்டுகள். ஒன்றின் சாவி சரக்குக்காரரிடம். மற்றொன்றின் சாவி சுங்க அதிகாரியிடம். சரக்கு தம்முடையதே ஆனாலும், முதலாளி நினைத்த நேரத்தில் கதவைத் திறக்க முடியாது. அவரிடமிருந்து சாவியைத் திருடியவனாலும் முடியாது. இந்தப் பின்னதுதான் இங்கே கவனிக்கத் தக்கது.

கணினியிலும் இத்தகைய இரண்டாவது பூட்டு ஒன்று உண்டு. கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்று அதனைச் சொல்லுவர். அதன் தேவை மின்னஞ்சல் சேவையில் விளங்குவதுபோல் வேறெங்கும் விளங்குவதில்லை.

மின்னஞ்சலை வாங்கிக் கொடுக்கும் நிரல், யாரும் அழைக்காமலே இரவும் பகலும் பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பது. இவ்வகை நிரலுக்கு ஆங்கிலத்தில் 'டீமன்' என்று பெயர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1963ஆம் ஆண்டளவில் இப்பெயர் வழங்கலாயிற்று. பௌதிக அறிஞர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த, ஓயாமல் அணுத்திரள்களைப் பிரித்துக்கொண்டே இருக்கும் பூதத்தை நினைத்து வைத்த பெயர் அது. நம்மவர் கதைகளில் வரும் புதையல் காக்கும் பூதத்துக்கும் இதற்கும் உறவு தூரமன்று. ஆனால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையும் தமிழில்தான் இருக்கிறது.

அஞ்சல் பூதத்துக்கு இரண்டு இயல்புகள் உண்டு. அவை ஒன்றாய்ச் சேர்ந்திருப்பதே அபாயம். முதலாவது, உலகத்தில் எவர் வந்து கதவைத் தட்டினாலும் அது பதில் சொல்லியாக வேண்டும். அறிமுகமில்லாதவர் கடிதத்தை வாங்க மாட்டேன் என்று சொல்லும் அஞ்சலகம் உண்டா? இரண்டாவது, அதற்கு அதிகாரம் அதிகம். யூனிக்ஸ் மரபில் வந்த கணினிகளில் 1024க்குக் கீழான எண்ணுள்ள வாயில்களைத் திறக்கும் உரிமை 'ரூட்' என்னும் தலைமைக் கணக்குக்கே வழக்கமாக உரியது. அஞ்சலின் வாயில் எண்ணோ 25. வந்த கடிதத்தை அவரவர் பெட்டியில் சேர்ப்பதற்கும் அவரவராக மாறும் அதிகாரம் வேண்டியிருந்தது. எனவே தெருவில் போகிறவர் எல்லாரோடும் பேசும் வேலைக்காரனிடமே வீட்டின் சாவிக்கொத்து முழுவதும் இருக்கும் நிலை ஏற்பட்டது.

இதன் விளைவை உலகம் 1988 நவம்பர் 2ஆம் நாள் கண்டது. ராபர்ட் டாப்பன் மாரிஸ் என்னும் மாணவர் விட்ட 'புழு' நிரல், அக்காலத்து இணையத்தில் ஆயிரக்கணக்கான கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. அது நுழைந்த வழிகளில் ஒன்று 'செண்ட்மெயில்' என்னும் அஞ்சல் நிரல். பிழை பார்ப்பதற்காக அதில் விட்டுவைத்திருந்த புழக்கடை வழியாகப் புழு புகுந்தது. பெறுநர் முகவரி எழுத வேண்டிய இடத்தில் அது ஒரு கட்டளையை எழுதிற்று. அஞ்சல் நிரல் அதனை முகவரி என்று பாராமல் நிறைவேற்றிற்று.

முப்பத்தோராண்டுகள் கழிந்தன. 2019 ஜூனில் 'எக்ஸிம்' என்னும் மற்றோர் அஞ்சல் நிரலில், 4.87 முதல் 4.91 வரையிலான பதிப்புகளில், ஒரு குறை வெளிப்பட்டது. அதே இடந்தான்: பெறுநர் முகவரி! அங்கே தக்கவாறு எழுதிய ஒரு வரி, ரூட்டின் அதிகாரத்தோடு கட்டளையாக ஓடியது. ரஷ்ய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த குழு ஒன்று 2019 ஆகஸ்டு முதல் இக்குறையைப் பயன்படுத்தி வந்ததாக அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2020 மே மாதத்தில் எச்சரித்தது. ஒரு தலைமுறை நிரலாளர் போய் மறு தலைமுறை வந்தும் பிழை அதே திண்ணையில் உட்கார்ந்திருந்தது. பிழையில்லாத அஞ்சல் நிரலை எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிழை இருக்கத்தான் செய்யும். அது வெளிப்படும் நாளில் வீட்டில் எத்தனை அறைகள் பறிபோகும் என்பதே கேள்வி.

முதற்பூட்டு, கோப்பின் உடைமையாளர் தாமே வைக்கும் அனுமதி. இன்னார் படிக்கலாம், இன்னார் எழுதலாம் என்று அவர் விருப்பம்போல் தீர்மானிப்பார். ரூட் வந்தாலோ அந்தப் பூட்டு இல்லாததற்குச் சமம். இரண்டாவது பூட்டு வேறு வகை. அது 'நீ யார்' என்று கேட்பதில்லை. 'நீ என்ன வேலை செய்யும் நிரல்' என்று கேட்கிறது.

இந்தக் கருத்து ராணுவ ரகசியங்களைக் காக்கப் பிறந்தது. பெல், லாபடூலா என்னும் இருவர் 1973இல் இதற்குக் கணித வடிவம் கொடுத்தனர். மேல்நிலை, கீழ்நிலை என்று தாள்களைத் தரம் பிரிக்கும் அம்முறை படைக்குப் பொருந்தியதே தவிரக் கடைக்கும் கந்தோருக்கும் பொருந்தவில்லை. 1985இல் போபர்ட், கெய்ன் என்போர் நிரல்களுக்கும் கோப்புகளுக்கும் 'வகை' முத்திரை குத்தி, எந்த வகை எந்த வகையைத் தொடலாம் என்று அட்டவணை எழுதும் முறையைக் காட்டினர். அம்முறையைத் தழுவிய 'எஸ்.இ.லினக்ஸ்' என்பதை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் எல்லாருக்கும் வெளியிட்டது. 2003இல் அது லினக்ஸ் கருவின் 2.6ஆம் பதிப்பில் சேர்ந்தது.

வைட்சே வெனமா இயற்றி 1998இல் வெளிவந்த 'போஸ்ட்ஃபிக்ஸ்' அஞ்சல் நிரலை வைத்து இதனைப் பார்க்கலாம். எக்ஸிம் ஒரே பெரிய நிரல். போஸ்ட்ஃபிக்ஸோ பல சிற்றாட்களின் கூட்டம். வாசலில் கடிதம் வாங்குபவன் ஒருவன். வரிசையைப் பார்ப்பவன் ஒருவன். உள்ளூர்ப் பெட்டியில் போடுபவன் ஒருவன். வெளியூருக்கு அனுப்புபவன் ஒருவன். இவர்களை மேய்க்கும் மேஸ்திரி ஒருவன். எஸ்.இ.லினக்ஸ் கொள்கை இவர்களுள் முக்கியமானோர்க்குத் தனித்தனி முத்திரை குத்துகிறது. வாசலில் நிற்பவனுக்கு 25ஆம் வாயிலில் பேச அனுமதி உண்டு. கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பைத் திறக்க அனுமதி இல்லை. அட்டவணையில் எழுதாதது எல்லாம் மறுக்கப்பட்டதே. அவன் ஏமாந்து பகைவன் கைப்பாவை ஆனாலும், எப்படியோ ரூட் ஆகவே மாறினாலும், அவன் நெற்றி முத்திரை மாறாது. அட்டவணையை ஒட்டிப் பார்ப்பவன் அஞ்சல் நிரல் அன்று, கணினியின் கரு.

இது சர்வரோக நிவாரணி அன்று. அஞ்சல் நிரலுக்குக் கடிதங்களைத் தொட அனுமதி இருந்தே தீரும். எனவே பிடிபட்ட நிரல் வழியாகக் கடிதங்கள் போகக்கூடும். கருவிலேயே குறை இருந்தால் பூட்டுப் போட்டவனே திருடன் ஆகிவிடுகிறான். ஆனால் கடிதத்தோடு கணக்குப் புத்தகமும் சம்பளப் பட்டியலும் சேர்ந்து போகாமல் இருப்பது சிறிய நன்மையா?

மலேசியாவில் இதற்குச் சட்டப் பக்கமும் உண்டு. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டது. 2025 ஜூன் முதல், தரவு கசிந்தால் அதனை ஆணையருக்கு அறிவிக்கும் கடமை நிறுவனங்களுக்கு வந்திருக்கிறது. எத்தனை அறைகள் திறந்தன என்று அப்போது சொல்லியாக வேண்டும்.

உண்மையில் இந்தப் பூட்டைத் திறந்துபோடுவது பெரும்பாலும் பகைவன் அல்லன், பராமரிப்பவரே. பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டுக் கந்தோர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே வரும் மின்னஞ்சலில் சரக்குச் சீட்டும் மாலுமிகளின் கடப்பிதழ் நகலும் இருக்கும. வட்டு நிறைந்துவிட்டது. பராமரிப்பாளர் புது வட்டு ஒன்றைப் பொருத்தி, அஞ்சற் பெட்டிகளை அதில் நகலெடுத்து வைக்கிறார். காலையில் யாருக்கும் கடிதம் திறக்கவில்லை. முதற்பூட்டின் அனுமதிகள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. மணி ஒன்பது, முதலாளி பின்னால் வந்து நிற்கிறார். பராமரிப்பாளர் எஸ்.இ.லினக்ஸை நிறுத்துகிறார். கடிதங்கள் திறக்கின்றன. பிறகு அதனை மீண்டும் போடுவதாக எண்ணம். அந்தப் பிறகு வருவதேயில்லை.

நடந்தது இவ்வளவுதான்: ஒரு கோப்பை இடம் பெயர்த்தால் அதன் முத்திரை கூடவே வரும், நகலெடுத்தாலோ, நகல் புது இடத்தின் முத்திரையைப் பெறும். புது வட்டின் கோப்புறைக்கு அஞ்சல் முத்திரை இல்லை. எனவே பெட்டியைத் திறக்க வந்த 'டவ்காட்' நிரலைக் கரு தடுத்தது. தடுத்ததைத் தணிக்கைப் பதிவேட்டில் எழுதியும் வைத்தது: எந்த நிரல், அதன் முத்திரை என்ன, எதைத் தொட வந்தது, அதன் முத்திரை என்ன, எந்தச் செயல் மறுக்கப்பட்டது என்று ஒரே வரியில். அந்த வரியைப் படிக்காமல் பூட்டைக் கழற்றுவதே பலர் வழக்கமாகிவிட்டது. மறுப்பு வரிகளை அப்படியே அனுமதி வரிகளாக மாற்றித் தரும் கருவியும் இருக்கிறது. படித்துப் பாராமல் அதை ஓட்டுவது, சுங்க அதிகாரியின் கையெழுத்தை வெற்றுத்தாளில் வாங்கி வைத்துக்கொள்வது போன்றது.

சந்தேகம் தீரவில்லையெனில் டவ்காட் ஒன்றுக்கு மட்டும் தடையைத் தளர்த்தி, மீறல்களைப் பதிவுமட்டும் செய்யுமாறு சில மணி நேரம் விடலாம். மற்ற நிரல்களின் பூட்டு அப்படியே இருக்கும். பீச் ஸ்திரீட் கந்தோருக்கோ அதுகூடத் தேவையில்லை. புதுக் கோப்புறை அஞ்சற் பெட்டிக்கு உரியது என்று விதிப்பட்டியலில் ஒரு வரி சேர்த்து, உள்ளே இருப்பவற்றுக்கு முத்திரையைப் புதுப்பிக்கும் கட்டளையை ஒரு முறை ஓட்டினால் போதும். முதலாளி காப்பி குடித்து வருவதற்குள் கடிதங்கள் திறந்துவிடும்.