ஆனையிறவின் உப்புவெளி

எரிமலை நிலம் நம் வன்னியில் இல்லை. ஆனால் அதற்கு ஈடான வறண்ட வெளி ஆனையிறவில் உண்டு. ஆவணி வெயிலும் சோளகக் காற்றும் சேர்ந்து கடல்நீரேரியை வற்றவைக்கின்றன. நீர் ஆவியாக, உப்பு தங்கிவிடுகிறது. ஈரமிழந்த களிமண் சுருங்கி வெடிக்கிறது.

படமெடுக்க வருவோர் பெரும்பாலும் 1991 சமரின் கவச புல்டோசரோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அந்த உப்புத்தரைதான் வேண்டியிருந்தது. கமராவோ வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும்; எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சமாகவே கணிப்பது அதன் இயல்பு. கைபேசித் திரையில் தரையைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டினேன், வெள்ளை திரும்பியது. உச்சி வெயிலில் தரை தட்டையாகத் தெரியும். அஸருக்குப் பிந்திய சாய்வொளியில்தான் வெடிப்புகளில் நிழல் விழும்.

கண்ணிவெடி அகற்றியாயிற்று என்று ஊரவர் உறுதி சொன்ன இடத்தில் மட்டுமே இறங்கினேன்.