விருந்தினர் காத்த வீடுகள்

சான்பிரான்சிஸ்கோ நகரத்திலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 80 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால், மேற்கே மயகாமஸ் மலைத்தொடரும் கிழக்கே வாக்கா மலைத்தொடரும் அரணாக நிற்க, இடையே கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைக் கொடிகள் அணிவகுத்திருக்கும் நாப்பா பள்ளத்தாக்கை அடையலாம். அங்கே விளையும் ஒயினைச் சுவைத்துப் பார்க்கவே உலகின் பல தேசத்தார் வருகிறார்கள். எனினும், 1847-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நாப்பா நகரத்தின் பழைய வீதிகளில் நிழல் மரங்களுக்கிடையே கம்பீரமாக நிற்கும் மர மாளிகைகளைக் காண்பதும், அவற்றுள் ஒன்றில் இரண்டு இரவுகளேனும் தங்குவதும், மதுவைத் தொடாதவர்க்கும் மனநிறைவு தரவல்ல அனுபவம் என்பது என் துணிபு.

அம்மாளிகைகளை விக்டோரியா காலத்து வீடுகள் என்பார்கள். 1837 முதல் 1901 வரை இங்கிலாந்தை ஆண்ட அந்த அரசிக்கு அமெரிக்காவின் மேல் எவ்வித ஆட்சியுரிமையும் இல்லாதிருந்தும், அக்காலத்துக் கட்டடக் கலைக்கு அவள் பெயரே அங்கும் நிலைத்துவிட்டது. 1861-இல் சார்லஸ் க்ரூக், 1876-இல் பெரிஞ்சர் சகோதரர்கள், 1879-இல் பின்லாந்து தேசத்துக் கப்பல் தலைவரான குஸ்டாவ் நீபாம் என்று ஒருவர்பின் ஒருவராக ஒயின் சாலைகளை ஸ்தாபித்த அந்நாளில், நதியில் நீராவிப் படகும் தரையில் ரயிலும் சரக்கைச் சுமந்து செல்ல, நாப்பாவின் வணிகரும், வங்கிக்காரரும், தோல் பதனிடுவோரும் தம் ஐசுவரியத்தை ஊரறியச் செய்ய விரும்பினார்கள். கலிபோர்னியாவின் கடலோர வனங்களில் வானளாவ வளர்ந்த ரெட்வுட் என்னும் செந்நிற மரம் இலகுவில் கிடைத்தது. எளிதில் அறுபடுவதும் சுலபத்தில் உளுத்துப் போகாததுமான மரம் அது. முன்பு தச்சன் மாதக்கணக்கில் செதுக்க வேண்டியிருந்த பூவேலையையும் கொடிவேலையையும் நீராவி வாள் ஒரே நாளில் அறுத்துத் தள்ளியது. ஆகவே, ஒரு மூலையில் கூம்புக் கோபுரம், சுற்றிலும் தாழ்வாரம், சுவரினின்று புடைத்து நிற்கும் சாளரங்கள், மீன் செதில்போல் அடுக்கிய மரச்சில்லுகள் என்று, சிருங்காரம் மிகுந்த வீடுகள் எழுந்தன. ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்திலிருந்த தம் குடும்ப வீட்டின் நினைவாக, அதே பள்ளத்தாக்கிலுள்ள செயின்ட் ஹெலினா ஊரில் ஃபிரெடெரிக் பெரிஞ்சர் 1884-இல் கட்டிய ரைன் மாளிகையை இன்றும் அங்கே காணலாம்.

இந்த வைபவம் நெடுநாள் நீடிக்கவில்லை. கொடிகளின் வேரை உறிஞ்சும் ஃபிலாக்ஸெரா என்னும் நுண்பூச்சி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோட்டந்தோட்டமாக அழித்தது. அதன்பின் 1920 முதல் 1933 வரை அமலிலிருந்த மதுவிலக்குச் சட்டம், மாதாகோயில் வழிபாட்டுக்கு ஒயின் வடித்தவர்கள் போன்ற சிலர் நீங்கலாக, எஞ்சியோரையும் முடக்கியது. பெரிய வீடுகள் பல, அறை அறையாகக் கூறுபோடப்பட்டு வாடகைக்குப் போயின. ஒருவகையில் அந்த வறுமையே அவற்றைக் காத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கையில் பணம் புரண்டிருந்தால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருப்பார்கள் அல்லவா?

1976-ஆம் ஆண்டு மே மாதத்தில் பாரிஸ் நகரத்தில், புட்டியின் பெயரை மறைத்துவைத்து நடத்திய சோதனையில், பிரெஞ்சு நிபுணர்களே நாப்பாவின் இரண்டு ஒயின்களுக்கு, வெள்ளையில் ஒன்றும் சிவப்பில் ஒன்றுமாக, முதலிடம் அளித்தார்கள். அதுமுதல் பிரயாணிகள் பெருகினார்கள். அவர்களை ஏற்கப் பழைய வீடுகளின் கதவுகளும் திறந்தன. பழைமைச் சின்னமாக அங்கீகாரம் பெற்ற கட்டடம் வருமானம் ஈட்டுவதாக இருந்தால், அதை முறைப்படி ஜீர்ணோத்தாரணம் செய்யும் செலவில் 20 சதவீதத்தை மத்திய அரசின் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது இன்றைய அமெரிக்கச் சட்டம். உரிமையாளர் மட்டும் குடியிருக்கும் வீட்டுக்கு இச்சலுகை இல்லை. ஆக, அந்நியருக்குப் படுக்கை விரித்து உணவிடும் வீடே சட்டத்தின் துணையையும் பெறுகிறது.

‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ என்று வழங்கும் இவ்விடுதிகளில் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு அறைகளுக்கு மேல் இருப்பதில்லை. அறைக்கு எண் இடுவதைவிடப் பெயர் சூட்டுவதே பல வீடுகளில் வழக்கம். நான்கு தூண் கட்டில், கணப்பு அடுப்பு, சிங்கப் பாதம்போன்ற கால்களின் மேல் நிற்கும் குளியல் தொட்டி ஆகிய யாவும் அக்காலத்தை நினைவூட்டும். படி ஏறும்போது மரம் முனகும். மின்தூக்கி அநேகமாக இராது. ஆதியில் மாடிக்கு ஒன்றாக இருந்த குளியலறை, பிற்காலத்தில் துணி அலமாரியிருந்த இடத்தில் அறைக்கொன்றாகப் புகுத்தப்பட்டிருப்பதால் சில இடங்களில் குறுகலாகவும் இருக்கும். முழங்கால் வலியுள்ளவர்கள் தரைத்தளத்து அறையைக் கேட்டுப் பெறுவது உத்தமம். மாலையில் வரவேற்பறையில் ஒயினும் பாலாடைக்கட்டியும் வைத்து விருந்தினரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைக்கும் உபசாரத்தையும் பல வீடுகளில் காணலாம்.

ஆயினும் காலை உணவே அந்த வீட்டின் உயிர்நிலை. நீண்ட மேசை ஒன்றில், முன்பின் அறியாத நாலைந்து தம்பதியர் சேர்ந்து அமர, வீட்டுக்காரரே பழங்களையும், சூடான ரொட்டி வகைகளையும், முட்டைப் பலகாரத்தையும் கொணர்ந்து பரிமாறுகிறார். மரக்கறி உண்போர் இரண்டு நாள் முன்பே தெரிவித்துவிட்டால், அதற்கென்றே தனியாகச் சமைத்துத் தருவார்கள். சொல்லாமல் போய் அமர்ந்தால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் பட்டினி. எந்தத் தோட்டத்தில் கூட்டம் குறைவு, எந்தச் சாலை காலையில் மூடுபனியில் மறைந்திருக்கும் என்பனவெல்லாம் அந்த மேசையில் நடக்கும் சம்பாஷணையிலேயே தெரிந்துவிடும்.

அறை வாடகை சாதாரணமாகவே அதிகம். ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2014 ஆகஸ்டு 24-ஆம் தேதி அதிகாலையில் 6.0 அளவில் பூமி அதிர்ந்தபோது, நாப்பாவின் பழைய வீடுகளில் செங்கற் புகைபோக்கிகள் பல சரிந்தன. அஸ்திவாரத்தினின்றும் நழுவிய வீடுகளும் உண்டு. சரிந்ததை எடுத்துக்கட்டவும், நான்கைந்து வர்ணங்களில் மிளிரும் மரவேலைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபூச்சு இடவும், அலையலையாகத் தெரியும் பழங்கண்ணாடி உடைந்தால் அதற்கு ஈடு தேடவும், விருந்தினர் தரும் வாடகையன்றி வேறு கதி ஏது?

அறுவடை நடைபெறும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பள்ளத்தாக்கு ஜனசமுத்திரமாகிவிடும். வார இறுதியாயின் இரண்டு இரவுக்குக் குறைந்து அறை கொடுக்கப் பல வீடுகள் இசைவதில்லை. நிதானமாகத் தங்க விழைவோர் பிப்ரவரியில் போகவேண்டும். இலையுதிர்ந்த கொடிகளின் வரிசைகளுக்கிடையே கடுகுச் செடிகள் மஞ்சள் பூத்து நிற்கும், வாடகையும் தணிந்திருக்கும், வீட்டுக்காரருக்கும் அவசரம் இராது. சுவரில் தொங்கும் பழைய புகைப்படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மாடிப்படியின் கைப்பிடியைத் தடவியபடி, கட்டியவரிலிருந்து கதையைத் தொடங்குவார்.