அயலூர் நம் ஊராவது எப்படி?

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து செல்வது காவிரிக் கரை மக்களுக்குப் புதிதன்று. எங்கள் திருக்கடையூரைச் சுற்றியுள்ள ஊர்களில், சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வளைகுடா நாடுகளுக்கோ ஒருவரையேனும் அனுப்பாத தெருவைக் காண்பது அரிது. எங்கள் வகுப்பிலேயே தந்தையின் முகத்தைக் கைப்பேசியில் மட்டும் காணும் மாணவியர் உள்ளனர். “அப்பா அங்கே தனியாக இருக்கிறாரே, அந்த ஊர் அவருக்கு எப்படித்தான் பழகுமோ!” என்ற பேச்சு எங்களிடையே அடிக்கடி எழும். அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முன்னாளில் இப்பயணம் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் நடந்தது. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பலும், அதற்குப் பின் ‘சிதம்பரம்’ கப்பலும் நம் மக்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றிச் சென்றன. 1985 பிப்ரவரியில் ‘சிதம்பரம்’ நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அத்துடன் அக்கப்பலின் பயணமும் முடிந்தது. இன்று விமானம் சில மணி நேரத்தில் கொண்டு சேர்த்து விடுகிறது. ஆனால் ஆள் போய்ச் சேர்வது வேறு, மனம் போய்ச் சேர்வது வேறு அல்லவா?

முதலில் சென்றவர்கள் தம் ஊரின் வழிபாட்டிடங்களை அங்கே அமைத்தனர். சிங்கப்பூரில் 1827-இல் மாரியம்மன் கோயில் எழுந்தது. 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு தர்கா கட்டப்பட்டது. 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காக லூர்து மாதா ஆலயம் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே தமிழில் திருப்பலி நடைபெறுகிறது. ஆயினும் திருவிழா ஆண்டுக்குச் சில நாட்களே. மற்ற நாட்களில் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் ஒருவருக்கு ஆறுதல் தருவது எது?

அதைத் தருபவை அன்றாடம் நிகழும் சின்னஞ்சிறு செயல்களே என்பது எங்கள் முடிவு. சிங்கப்பூரில் கடைக்காரர் தரும் மீதிச் சில்லறையைத் திருப்பிப் பாருங்கள். மற்ற மூன்று மொழிகளோடு தமிழிலும் ‘சிங்கப்பூர்’ என்று பொறித்திருக்கும். அங்கே தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ‘தேக்கா’ என்று நம்மவர் அழைக்கும் பகுதியில் தொழிலாளர்கள் கூடி, ஊர்க்கதை பேசி, வாழையிலையில் சோறு உண்கின்றனர். அடுக்குமாடி வீட்டு வாசலில் தொட்டியில் வளரும் கறிவேப்பிலைச் செடி பக்கத்து வீட்டுக்கும் உதவுகிறது. மலாய் மொழியோ இன்னும் வியப்பளிப்பது. கடைக்கு ‘கெடாய்’, கட்டிலுக்கு ‘காத்தில்’, பெட்டிக்கு ‘பெத்தி’! முன்னொரு காலத்தில் நம் வணிகரோடு சென்ற சொற்கள் அங்கேயே குடியேறிவிட்டன. புதிதாய்ச் செல்பவர் அச்சொல்லைக் கேட்டவுடன், தமக்கு முன்பே தம்மவர் இங்கு வந்திருக்கின்றனர் என்று உணர்கிறார்.

நம் பகுதியிலிருந்து சென்ற ஒருவரின் வாழ்வும் இதற்குச் சான்று. திருவாரூரில் 1903-இல் பிறந்த கோ. சாரங்கபாணி 1924-இல் சிங்கப்பூர் சென்றார். 1935-இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். மாணவர் எழுதிப் பழக அதில் ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியும் வந்தது. 1952-இல் ‘தமிழர் திருநாள்’ கொண்டாட்டத்துக்கு வழி செய்தார். தமிழைக் காத்துக்கொள்ளச் சொன்ன அவரே, வாழும் நாட்டின் குடிமக்களாகப் பதிந்து கொள்ளுங்கள் என்றும் தமிழரை வற்புறுத்தினார். தாய்மொழியை விடாமல் வைத்துக்கொள்வதும், வாழும் மண்ணை ஏற்றுக்கொள்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இதனால் அறிகிறோம்.

மணிவிழாவுக்காகத் திருக்கடையூர் வரும் வெளிநாட்டுத் தமிழரிடமும் இதைக் காண்கிறோம். எங்கள் ஊர் டீக்கடையில் “ஒரு டீ, கொசோங்!” என்று கேட்டுவிட்டுப் பிறகு சிரித்தபடி, “சர்க்கரை இல்லாமல்” என்று திருத்திச் சொல்வோர் உண்டு. ‘கொசோங்’ என்றால் மலாயில் ‘வெறுமை’ என்று பொருள். அங்கே இருந்தபோது நம் ஊரை நினைத்து ஏங்கியவர், இங்கே வந்ததும் அந்த ஊர்ச் சொல்லைப் பேசுகிறார். அந்த ஊரும் அவருடையதாகிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தோழியரே, இதில் நமக்கும் ஒரு கடமை உண்டு. அண்மை ஆண்டுகளில் நம் வயல்களில் நடவு நட மேற்கு வங்கத்திலிருந்து தொழிலாளர்கள் வருகின்றனர். அவர்களுக்கு நம் ஊர்தான் அயலூர். அவர்களுக்கும் வீட்டில் கைப்பேசியைப் பார்த்துக் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. நாமோ அவர்களை “வடக்கத்தி ஆட்கள்” என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். அவர்கள் பெயரைக் கேட்டறிந்து அழைப்போம்; நம் மொழியில் நான்கு சொற்களைக் கற்றுக்கொடுத்து, அவர்கள் மொழியில் நான்கு சொற்களைக் கற்போம்; தாகத்துக்கு மோர் கொடுப்போம். நம் தந்தைக்கு அயல்நாட்டில் யாரேனும் இவ்வாறு செய்தால் நம் மனம் எவ்வளவு குளிரும்! அதை இங்கே நாம் முதலில் செய்வோமாக.