“நீ டீமுக்கே கேன்சர்டா!” – நோயின் பெயரைத் திட்டாக்கலாமா?

ஹாஸ்டல் கிரிக்கெட்டில் லட்டு மாதிரி வந்த கேட்சை விட்டவனுக்கு உடனே ஒரு பட்டம் கிடைக்கும்: “நீ டீமுக்கே கேன்சர்டா!” பேச்சுப்போட்டியில் மைக் பிடிக்கிற தம்பி ஆரம்பிக்கிறதே “சமுதாயத்தை அரிக்கும் ஊழல் என்னும் புற்றுநோய்” என்றுதான். ஒருத்தரை எல்லாரும் ஒதுக்கினால் “என்ன, தொத்துவியாதிக்காரன் மாதிரி பாக்குறீங்க?” என்று கேட்கிறோம். டிவியைப் போட்டால் ஏதோ ஒரு தலைவர், எதிர்க்கட்சிக்காரரை நாட்டைப் பிடித்த நோய் என்கிறார்.

இதில் யாருமே நோயாளியைக் காயப்படுத்தணும்னு பேசலை. அப்போ இதில் என்ன தப்பு? “எதை எடுத்தாலும் மனசு புண்படுதுன்னு கிளம்பிட்டாங்கப்பா” என்று சிரிச்சுட்டுப் போயிடலாமா? இல்லை, நிஜமாவே யோசிக்க வேண்டிய விஷயமா? வாங்க, கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

பேரே உவமைதானே!

முதல்ல ஒண்ணை ஒத்துக்கணும். நோயையும் உவமையையும் பிரிக்கவே முடியாது. ‘புற்றுநோய்’ என்ற சொல்லையே எடுத்துக்கோங்க. கறையான் புற்று மாதிரி உள்ளுக்குள்ள வளர்ந்து பரவுதுன்னு வெச்ச பேர் அது. ஆங்கிலத்துல வர்ற ‘கேன்சர்’ என்ற சொல்லுக்கு மூலம் நண்டு. கட்டியைச் சுத்திப் புடைச்சு நிக்கிற ரத்தக்குழாய்கள் நண்டுக் கால் மாதிரி தெரிஞ்சதாம் அந்தக் காலத்து கிரேக்க வைத்தியர்களுக்கு.

நம்ம புதுச்சேரிக்கு ரொம்பவே பழக்கமான ‘யானைக்கால்’ நோயும் அப்படித்தான். அந்த நோயைப் பரப்புற கொசுவை ஆராயறதுக்குன்னே 1975-லிருந்து இங்க இந்திரா நகரில் ஒரு மத்திய ஆராய்ச்சி மையம் இருக்கு. 1980-களின் தொடக்கத்தில் கொசுவைக் கட்டுப்படுத்தும் பெரிய செயல்திட்டம் ஒன்றை நம்ம ஊரிலேயே நடத்திக் காட்டினாங்க. யானைக்கால் என்று டாக்டர் சொன்னால் அது நோயின் பேர். அதையே தெருவில் நடந்து போறவரைப் பார்த்து “ஏ யானைக்கால்!” என்று கூப்பிட்டால்? சொல் அதேதான். ஆனா அது போய் விழுற இடம் வேற.

ஆக, “உவமையே கூடாது” என்று சட்டம் போடறது நடக்காத காரியம். எந்த உவமை எங்க போய் விழுதுன்னுதான் பார்க்கணும்.

குழாயில் என்ன ஓடுது?

மின்னோட்டத்தைப் புரிய வைக்க வாத்தியார் என்ன பண்ணுவார்? குழாயில் ஓடுற தண்ணியைச் சொல்வார். தண்ணியின் அழுத்தம் மாதிரி வோல்டேஜ், குழாயின் குறுகல் மாதிரி ரெசிஸ்டன்ஸ். ஒரு பொருள் வேலை செய்யும் விதத்தை இன்னொரு பொருளுக்குக் கடத்துறோம். நல்ல உவமைன்னா அதுதான்.

நம்ம பாடப்புத்தகங்கள்லயும் நோய் உவமைகள் இருக்கு. சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு ‘கான்கிரீட் கேன்சர்’ தெரிஞ்சிருக்கும். சிமென்டில் இருக்கிற காரமும், ஜல்லியில் இருக்கிற சிலவகை சிலிக்காவும் வினைபுரிஞ்சு ஒரு பசை உண்டாகும். அது ஈரத்தை உறிஞ்சி உப்பும். வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளயே வளர்ந்து, கடைசியில்தான் மேல விரிசலாத் தெரியும். கம்ப்யூட்டர் ‘வைரஸ்’ என்ற பேர் 1980-களில் வந்ததும் இதே மாதிரிதான். தனியா இயங்க முடியாம, இன்னொரு புரோகிராமுக்குள்ள நுழைஞ்சு, தன்னைத்தானே நகல் எடுக்கிற ஒண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்குமா? இந்த ரெண்டு உவமையிலும் கடத்தப்படறது நோய் இயங்கும் விதம். இங்க நோயாளியைப் பத்தின பேச்சே இல்லை.

இப்ப இன்னொரு வகை. 2001-ல் மைக்ரோசாப்ட் தலைவரா இருந்த ஸ்டீவ் பால்மர், லினக்ஸைப் புற்றுநோய் என்றார். தொட்டதையெல்லாம் அதன் உரிமம் பிடிச்சுக்கும் என்பது அவர் வாதம். உரிம விதியைப் பத்திப் பேச அவருக்கு எத்தனையோ சொல் இருந்திருக்கும். அவர் எடுத்த சொல்லில் விளக்கத்தைவிட பயம் அதிகம். 2014-ல் அதே கம்பெனியின் அடுத்த தலைவர் சத்யா நாதெள்ளா, லினக்ஸை நாங்க நேசிக்கிறோம் என்று மேடையில் சொன்னார். இடைப்பட்ட பதிமூணு வருஷத்துல லினக்ஸின் உரிமம் அதன் அடிப்படைக் குணத்தை மாத்திக்கலை. மாறினது கம்பெனியின் கணக்குதான்.

“நீ டீமுக்கே கேன்சர்டா”வில் இயங்கும் விதம் எதுவும் இல்லை. வெறும் வெறுப்பை மட்டும் கடத்துற குழாய் அது.

2023 செப்டம்பரில் என்ன நடந்தது?

இதுக்கு நம்ம பக்கத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கு. 2023 செப்டம்பர் 2-ம் தேதி சென்னையில் நடந்த சனாதன ஒழிப்பு மாநாட்டில் அப்போதைய தமிழக அமைச்சர் உதயநிதி ஸ்டாலின், சனாதனத்தை டெங்கு, மலேரியா, கொரோனாவோடு ஒப்பிட்டு, அவற்றைப் போல ஒழிக்க வேண்டியது என்று பேசினார். நாடே கொதிச்சுது. அடுத்த சில நாட்களில் எம்.பி. ஆ.ராசா இன்னும் ஒரு படி மேல போனார். டெங்கு, மலேரியாவைச் சமூகம் அருவருப்பாப் பார்க்கிறதில்லை. அதனால அந்த ஒப்பீடு மென்மையானது. ஒரு காலத்தில் அருவருப்போடு பார்க்கப்பட்ட தொழுநோய், எச்.ஐ.வி. ஆகியவற்றோடுதான் ஒப்பிடணும் என்ற பொருளில் பேசினார்.

சனாதனம் சரியா தப்பா என்ற விவாதத்துக்குள்ள இந்தக் கட்டுரை போகலை. நீங்க எந்தப் பக்கமும் இருக்கலாம். உவமையை மட்டும் கவனிங்க. முதல் ஒப்பீட்டில் நோயைப் பரப்பும் கொசு, ஒழிப்பு என்று ஏதோ ஒரு செயல்முறை இருக்கு. டெங்கு வந்தவரை யாரும் கேவலமாப் பார்க்கிறதில்லை. ரெண்டாவது ஒப்பீடு வேலை செய்யணும்னா, கேட்கிறவங்க மனசுல தொழுநோய்மேல அருவருப்பு இருந்தே ஆகணும். அந்த அருவருப்புதான் அதுக்கு எரிபொருள்.

அந்த மாசம் முழுக்க மதம், கட்சி, பேச்சுரிமை, வழக்கு என்றுதான் விவாதம் ஓடிச்சு. தொழுநோயிலிருந்து மீண்ட ஒருத்தர் அந்தச் செய்தியைக் கேட்டுட்டு உட்கார்ந்திருப்பாரே, அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்ற கேள்விக்கு அதில் பெருசா இடம் கிடைக்கலை.

இது ஒரு கட்சியின் பழக்கம் மட்டும்னு நினைச்சுடாதீங்க. 2007 டிசம்பரில் பிரதமர் மன்மோகன் சிங், நக்சல் இயக்கத்தை ஒழிக்கப்பட வேண்டிய வைரஸ் என்றார். எதிராளியை நோய் என்று சொல்லிட்டா ஒரு வசதி இருக்கு: அதோட பேச்சுவார்த்தை நடத்த வேண்டியதில்லை, வெட்டி எறிஞ்சா போதும். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1978-ல் நோயை உருவகமாக்குவது பற்றி எழுதின புத்தகத்தில் இதைத்தான் சுட்டிக் காட்டினார். அப்போ அவரே புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்திருந்தவர். 1960-களில், வியட்நாம் போர் நடந்த காலத்தில், அவரும் இதே உவமையை அரசியல் கோபத்தில் எழுதியிருந்தார். அதையும் அந்தப் புத்தகத்திலேயே சொல்றார்.

சொல்லுக்கு விலை கொடுக்கிறது யார்?

தொழுநோயை ஏன் தனியா எடுத்துப் பேசறோம்? ஏன்னா அந்த நோயின் மருத்துவக் கதை மாறிப் பல வருஷம் ஆச்சு. பேச்சு மட்டும் மாறலை.

அது ஒரு பாக்டீரியாவால வர்ற நோய்னு நார்வே டாக்டர் ஹான்சன் 1873-லேயே கண்டுபிடிச்சுட்டார். பாவத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைச்சுது. ஆறு மாசமோ ஒரு வருஷமோ மாத்திரை சாப்பிட்டால் குணமாகிடும். மருந்து ஆரம்பிச்ச கொஞ்ச நாளிலேயே மத்தவங்களுக்குப் பரவுறது நின்னுடும். பெரும்பாலானவங்க உடம்புக்கு இயல்பாவே இதை எதிர்க்கிற சக்தியும் இருக்கு. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

சட்டம் எப்ப மாறிச்சு தெரியுமா? நோயாளிகளைப் பிடிச்சு அடைச்சு வைக்க வெள்ளைக்காரன் போட்ட 1898-ம் வருஷச் சட்டம் 2016-ல்தான் ரத்தாச்சு. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து வாங்கலாம் என்ற விதியை நீக்கினது 2019-ல். மாத்திரை வந்து முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு!

நம்ம சினிமாவுக்கும் இதில் பங்கு உண்டு. 1954-ல் வந்த ‘ரத்தக்கண்ணீர்’ படத்தில் எம்.ஆர்.ராதாவின் நடிப்பை இன்னிக்கும் மீம்ல பார்த்து ரசிக்கிறோம். அந்த நக்கல், அந்தக் குரல், யாராலும் அடிச்சுக்க முடியாது. ஆனா கதைப்படி நோய் எதுக்கு வருது? கெட்ட நடத்தைக்குத் தண்டனையா வருது. அதே வருஷம் அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்குது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். ஒரு பக்கம் நோய் என்றால் தண்டனை. இன்னொரு பக்கம் நோய் என்றால் சிகிச்சை. நம்ம பேச்சு ரொம்ப காலம் முதல் பக்கத்திலேயே நின்னுடுச்சு.

இதனால என்ன நஷ்டம்? இந்தியாவில் இன்னிக்கும் ஒவ்வொரு வருஷமும் ஒரு லட்சத்துக்கும் மேல புதுசா தொழுநோய் கண்டறியப்படுது. உலகத்தில் கண்டறியப்படறதில் பாதிக்கும் மேல இங்கதான். சீக்கிரம் வந்தால் எந்த ஊனமும் இல்லாம குணமாக்கலாம். தாமதமானால் நரம்பு பாதிச்சு விரல் மடங்கும், கால்ல ஆறாத புண் வரும். தாமதத்துக்கு அறியாமை ஒரு காரணம். வெட்கம் இன்னொரு காரணம். அந்த வெட்கத்தை உண்டாக்கினதில் மேடைப் பேச்சுக்கும், சினிமாவுக்கும், நம்ம கிண்டலுக்கும் பங்கு இருக்கு.

பயம் எவ்வளவு தூரம் போகும்னு 2020-ல் நாமளே பார்த்தோம். சென்னையில் கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாம ஒரு கூட்டம் தாக்குச்சு. உயிரைக் காப்பாத்தின மனுஷன் அவர். அந்த நேரத்தில் ஜனங்க கண்ணுக்கு அவர் வெறும் ‘கொரோனா’வாத்தான் தெரிஞ்சார்.

“போராடித் தோற்றார்” என்பது பாராட்டா?

நல்ல எண்ணத்தோட சொல்ற உவமையும் சில நேரம் சுடும். “புற்றுநோயோடு போராடித் தோற்றார்” என்று இரங்கல் செய்தியில் எழுதுறோம். அப்போ பிழைச்சவங்க நல்லாப் போராடினவங்க, இறந்தவங்க சரியாப் போராடாதவங்களா? மருந்து கேட்கலை என்பதுதானே உண்மை?

2015-ல் வெளியான ஒரு உளவியல் ஆய்வில், புற்றுநோயை எதிரியாகவும் போராகவும் வர்ணிச்சுப் படிக்கக் கொடுத்தாங்க. படிச்சவங்ககிட்ட புகை, மது மாதிரியான பழக்கங்களைக் குறைச்சுக்கணும் என்ற எண்ணம் குறைவா இருந்துச்சு. காரணம் எளிது: போர்னா தாக்கணும்; அங்க அடக்கி வாசிக்கிறதுக்கு ஏது இடம்?

அதே சமயம், இங்கிலாந்தின் லான்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நோயாளிகள் எழுதினதையும் பேசினதையும் தொகுத்து ஆராய்ஞ்சாங்க. “நான் போராளி” என்று சொல்லிக்கிறதில் தெம்பு அடையறவங்களும் இருக்காங்க, அதே சொல்லால சோர்ந்து போறவங்களும் இருக்காங்க. அதனால நோயாளி தன் நோயை எப்படி வேணும்னாலும் சொல்லட்டும், ஜோக் கூட அடிக்கட்டும். அது அவரோட உரிமை. அதை அவருக்காக நாம தேர்ந்தெடுக்கக் கூடாது.

அப்போ என்ன பண்ணலாம்?

தடை, அபராதம், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மானத்தை வாங்குறது எதுவும் வேண்டாம். எழுதும்போதும் பேசும்போதும் மூணு கேள்வி கேட்டுக்கிட்டா போதும்.

1. இந்த உவமை நோய் இயங்கும் விதத்தைச் சொல்லுதா, நோய்மேல இருக்கிற அருவருப்பைக் கடன் வாங்குதா?

2. நோயின் இடத்தில் ஒரு மனுஷனையோ கூட்டத்தையோ வெச்சிருக்கேனா? வெச்சிருந்தா, “அதுக்குச் சிகிச்சை” என்று நான் எதைச் சொல்ல வர்றேன்?

3. கதிர்காமம் வழுதாவூர் சாலையில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வாசலில், கையில் ஓ.பி. சீட்டோட நிக்கிறவங்க காதில் விழுற மாதிரி இதை உரக்கச் சொல்வேனா? அந்த வரிசையில் நம்ம கிளாஸ்மேட்டோட அம்மா கூட நிக்கலாம்.

மூணாவது கேள்வியிலேயே பாதி திட்டு வாய்க்குள்ள நின்னுடும். மீதிக்கு ஒரு எழுத்துக் காரணமும் இருக்கு. “ஊழல் ஒரு புற்றுநோய்” என்ற வரியைப் படிச்சவருக்குப் புதுசா எதுவும் தெரியப் போறதில்லை. எந்த ஆபீஸ்ல, எந்த ஃபைலுக்கு, ஏன் பணம் கேட்கிறாங்கன்னு எழுதினா தெரியும். கேட்சை விட்டவன்கிட்ட “கையை இன்னும் கொஞ்சம் கீழ வெச்சிருக்கணும்டா” என்று சொன்னால் அடுத்த மேட்ச்ல பிடிப்பான்.

கடைசியா, உவமைக்குச் சம்பந்தமில்லாத ஒரு விஷயம். உங்க உடம்பிலோ வீட்டில யார் உடம்பிலோ வெளிறின அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவா இருந்தால், வெட்கப்படாம அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்க. தொழுநோயா இருந்தாலும் பயமில்லை, மாத்திரை இருக்கு. இந்த ஒரு பாராவை மட்டும் ஃபேமிலி குரூப்ல ஃபார்வேர்ட் பண்ணாலும் சரி.